வட்ட விளக்கப்படம்: வரலாறும் குறைகளும்

வட்ட விளக்கப்படம் என்பது ஒரு முழுமையை வட்டமாகவும், அதன் கூறுகளை வட்டக்கோணப்பகுதிகளாகவும் காட்டும் புள்ளியியல் படம் ஆகும். இதனை முதன்முதலில் அச்சிட்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர்; ஆண்டு 1801. இன்று பள்ளிப் பாடநூல், நாளிதழ், வரவு செலவுத் திட்ட ஆவணம், நிறுவனங்களின் ஆண்டறிக்கை என எங்கும் இப்படத்தைக் காணலாம். புள்ளியியலாளர்கள் மிகுதியாகக் குறைகூறிய படமும் இதுவே. அந்தக் குறைகள் ஒவ்வொன்றும் எப்போது, எவரால், எவ்வாறு கண்டறியப்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் விளக்குகிறது.

பெயரும் அமைப்பும்

ஆங்கிலேயர் தம் உணவான 'பை' என்னும் பண்டத்தைத் துண்டுகளாக வெட்டுவதை வைத்து இப்படத்திற்குப் பெயரிட்டனர். பிரெஞ்சுக்காரர் இதைத் தம் நாட்டு வட்டப் பாலாடைக்கட்டியின் பெயரால் 'கமம்பேர்' என்று அழைப்பர். செருமானியருக்கு இது கேக் படம். நம் வகுப்பறைகளில் 'பை' என்றதும், வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிடும் பை எண்ணை நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. இரண்டுக்கும் பெயரொலியைத் தவிர வேறு உறவில்லை. தமிழகப் பாடநூல்களில் வட்ட விளக்கப்படம் என்ற பெயரே நிலைபெற்றுள்ளது.

வரையும் முறை எளியது. வட்டத்தின் மையத்தைச் சுற்றியுள்ள கோணம் 360 பாகை. ஒரு கூறின் மதிப்பை மொத்த மதிப்பால் வகுத்து 360 ஆல் பெருக்கினால் அக்கூறின் மையக்கோணம் கிடைக்கும். 25 விழுக்காட்டுக்கு 90 பாகை, 50 விழுக்காட்டுக்கு 180 பாகை, 1 விழுக்காட்டுக்கு 3.6 பாகை. இந்த 3.6 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் அது தேவைப்படும்.

இம்முறையில் சொல்லப்படாத நிபந்தனைகள் மூன்று உள்ளன. கூறுகள் யாவும் ஒரே முழுமையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று கலவாதவையாக இருக்க வேண்டும். அனைத்தையும் கூட்டினால் சரியாக அம்முழுமை வர வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் வட்டம் பொய் சொல்லும்.

வில்லியம் பிளேஃபேர்

பிளேஃபேர் 1759 இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகருக்கு அருகில் பிறந்தார். இளமையில் தந்தையை இழந்தார். கணித அறிஞரான அண்ணன் ஜான் பிளேஃபேர் அவருக்குக் கல்வி புகட்டினார். நாள்தோறும் வெப்பமானி காட்டும் அளவைக் குறித்து, அதைக் கோடுகளின் நீளமாக வரைந்து வைக்குமாறு அண்ணன் பழக்கியதாகப் பிளேஃபேரே எழுதியுள்ளார். எண்ணைக் கோடாக மாற்றலாம் என்ற எண்ணம் அங்கே விதைக்கப்பட்டது.

பின்னர் கதிரடிக்கும் பொறியை உருவாக்கிய ஆண்ட்ரூ மெய்க்கிளிடம் தொழில் பயின்றார். அதன்பின் பர்மிங்காமில் நீராவிப் பொறியாளர் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகவும் உதவியாளராகவும் பணிபுரிந்தார். பொறியின் உறுப்புகளை அளவு பிசகாமல் வரைந்து பழகிய கை அது.

1786 இல் வெளிவந்த வணிக, அரசியல் வரைபட நூலில் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோட்டுப் படங்களாக வரைந்தார். ஸ்காட்லாந்து பற்றி ஓர் ஆண்டுக்கான தரவு மட்டுமே கிடைத்ததால், காலப்போக்கைக் காட்டும் கோட்டை வரைய இயலவில்லை. அதற்கு மாற்றாகப் பட்டைகளை வரைந்தார். பட்டை விளக்கப்படத்தின் வரலாறு இப்படித் தரவுப் பற்றாக்குறையில் தொடங்கியது. அது ஒப்புக்கு வரைந்த படம் என்றே அவர் கருதினார். பிற்காலத்தில் வட்டத்தைவிடச் சிறந்தது என்று ஆய்வாளர்கள் போற்றியது இந்தப் பட்டையைத்தான்.

பிளேஃபேர் பல தொழில்களில் இறங்கித் தோற்றவர். கடனும் வழக்கும் அவரைத் தொடர்ந்தன. 1823 இல் அவர் இறந்தபோது, அவருடைய படங்களின் அருமையை இங்கிலாந்து உணர்ந்திருக்கவில்லை.

1801 ஆம் ஆண்டு நூல்

முதல் வட்ட விளக்கப்படம் இடம்பெற்ற நூல், ஐரோப்பிய நாடுகளின் வளங்களைச் சுருக்கமாகக் கூறும் புள்ளியியல் கையேடு ஆகும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்ட படங்கள் அதில் உள்ளன. இந்துஸ்தானத்தை ஆண்ட அரசுகளைப் பற்றிய படமும் சேர்க்கப்பட்டுள்ளது என்று நூலின் தலைப்பே அறிவிக்கிறது. ஆகவே புள்ளியியல் படங்களின் தொடக்கக் காலத்திலேயே இந்தியாவும் அவற்றில் இடம்பெற்றுவிட்டது.

ஒவ்வொரு நாட்டையும் பிளேஃபேர் ஒரு வட்டமாக வரைந்தார். வட்டத்தின் பரப்பு நாட்டின் நிலப்பரப்புக்கு ஏற்ப அமைந்தது. பெரிய நாடுகள் சிலவற்றின் வட்டங்களைப் பகுத்தும் காட்டினார். ரஷ்யப் பேரரசை ஒரே மையமுள்ள வட்டங்களாகப் பிரித்தார். துருக்கிப் பேரரசு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களில் பரவியிருந்தது. அதை மூன்று கோணப்பகுதிகளாக வெட்டி, ஆசியப் பகுதிக்குப் பச்சை, ஐரோப்பியப் பகுதிக்குச் சிவப்பு, ஆப்பிரிக்கப் பகுதிக்கு மஞ்சள் என வண்ணம் தீட்டினார். இதுவே முதல் வட்ட விளக்கப்படமாகக் கொள்ளப்படுகிறது.

இந்தப் படத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. கூறுகள் மூன்றே, மேலும் அவை சேர்ந்தால் உண்மையாகவே ஒரு முழுப் பேரரசு கிடைக்கிறது. மேலே சொன்ன நிபந்தனைகள் அனைத்தும் இங்கே நிறைவேறுகின்றன. வட்ட விளக்கப்படத்தைக் கண்டுபிடித்தவர் அதை அளவோடு, உரிய இடத்தில் பயன்படுத்தினார். 1805 இல், தொன்னான் என்ற பிரெஞ்சு ஆசிரியர் அமெரிக்க ஐக்கிய நாடுகள் பற்றி எழுதிய நூலைப் பிளேஃபேர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதில் அமெரிக்க மாநிலங்களின் நிலப்பரப்பைப் பல துண்டுகளாக வெட்டிய வட்டமாகக் காட்டினார். துண்டுகள் பெருகும் வழக்கம் நான்கே ஆண்டுகளில் தொடங்கிவிட்டது.

பிளேஃபேரின் சறுக்கல்

1801 ஆம் ஆண்டு நூலிலேயே ஒரு சறுக்கலும் உண்டு. ஒவ்வொரு வட்டத்தின் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் செங்குத்தான தொடுகோடுகளை வரைந்தார். இடக்கோட்டின் உயரம் மக்கள்தொகையைக் காட்டியது. வலக்கோட்டின் உயரம் அரசின் வருவாயைக் காட்டியது. இரு கோடுகளின் உச்சிகளையும் ஒரு புள்ளிக்கோட்டால் இணைத்தார். அக்கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு ஒரு நாட்டு மக்கள் மீது வரிச்சுமை மிகுதியா குறைவா என அறியலாம் என்பது அவர் கருத்து.

கணித மாணவர் ஒருவர் இதன் பிழையை எளிதில் காண்பார். இரு தொடுகோடுகளுக்கும் இடையே உள்ள தொலைவு வட்டத்தின் விட்டம் ஆகும். சாய்வு என்பது உயர வேறுபாட்டை இத்தொலைவால் வகுத்துக் கிடைப்பது. எனவே நாடு பெரிதானால் விட்டம் பெருகி, சாய்வு குறைந்து தெரியும். நாடு சிறிதானால் அதே வரிச்சுமை செங்குத்தாகத் தெரியும். வரிச்சுமையைக் காட்ட வந்த கோட்டில் நிலப்பரப்பு கலந்துவிட்டது. போதாக்குறைக்கு, மக்கள் எண்ணிக்கையும் பவுண்டு தொகையும் அலகால் வேறுபட்டவை. முன்னோடிகளுக்கும் அடி சறுக்கும் என்பதற்கு இது சான்று.

மினாரும் நைட்டிங்கேலும்

அடுத்த அரை நூற்றாண்டில் இப்படம் பிரான்சில் புதிய பயன் பெற்றது. சார்ல்ஸ் ஜோசப் மினார் (1781-1870) என்ற கட்டுமானப் பொறியாளர், 1858 இல், பாரிஸ் நகர மக்களின் உணவுக்காக நாட்டின் எந்தெந்தப் பகுதிகளிலிருந்து கால்நடைகள் அனுப்பப்பட்டன என்பதை நிலப்படத்தில் காட்டினார். ஒவ்வொரு மாவட்டத்தின் மீதும் ஒரு வட்டம். வட்டத்தின் பரப்பு அங்கிருந்து வந்த இறைச்சியின் அளவைக் காட்டியது. வட்டத்தின் துண்டுகள் மாடு, கன்று, ஆடு ஆகியவற்றின் பங்கைக் காட்டின. எங்கே, எவ்வளவு, எந்த வகை என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரே தாளில் விடை கிடைத்தது. நிலப்படத்தின் மேல் பட்டைகளை நிறுத்துவதைவிட வட்டங்களைப் பதிப்பது எளிது என்பதால், நிலவியலாளர்கள் இன்றும் இம்முறையைக் கையாள்கின்றனர்.

அதே 1858 ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் தம் புகழ்பெற்ற படத்தை வெளியிட்டார். கிரிமியப் போரில் பிரித்தானியப் படைவீரர்கள் இறந்த காரணங்களை மாதந்தோறும் காட்டும் படம் அது. பல நூல்களும் இணையக் கட்டுரைகளும் இதை வட்ட விளக்கப்படம் என்று தவறாகக் குறிப்பிடுகின்றன. வட்ட விளக்கப்படத்தில் ஆரம் மாறாது, கோணம் மாறும். நைட்டிங்கேலின் படத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கும் கோணம் ஒன்றே, 30 பாகை, ஆரமே மாறுகிறது. நீல நிறம் தடுக்கத்தக்க தொற்றுநோய்களால் நேர்ந்த இறப்பையும், சிவப்பு போர்க்காயத்தால் நேர்ந்த இறப்பையும், கறுப்பு ஏனைய காரணங்களையும் குறித்தன. சிவப்பைவிட நீலம் பன்மடங்கு பரந்து கிடப்பதைக் காண எவருக்கும் எண் தேவைப்படவில்லை. வீரர்களைப் பகைவரின் குண்டைவிட மருத்துவமனையின் அழுக்கே மிகுதியாகக் கொன்றது என்ற செய்தி அப்படத்தில் இருந்தது.

இங்கும் ஒரு வழுக்குமிடம் உண்டு. இறப்பு எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஆரத்தை நீட்டினால், எண்ணிக்கை இருமடங்காகும்போது பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்ப்பவர் கண்ணில் படுவது பரப்பு. நைட்டிங்கேலின் தொடக்க வரைவு ஒன்றில் இந்தக் குறை இருந்தது. பின்னர் வந்த படத்தில் பரப்பே எண்ணிக்கையைக் குறிக்குமாறு அவர் திருத்திக்கொண்டார். தம் கருத்துக்குச் சாதகமாக இருந்த மிகையைத் தாமே நீக்கிய நேர்மை மாணவர்கள் கற்க வேண்டியது.

முதல் எதிர்ப்புக் குரல்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வணிக நிறுவனங்களும் அரசுத் துறைகளும் படங்களைப் பெருமளவில் வெளியிடத் தொடங்கின. 1914 இல் பொறியாளர் வில்லார்ட் பிரிண்டன், செய்திகளைப் படமாக்கும் முறைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். கூறுகளைக் காட்ட மிகப் பரவலாகப் பயன்படுவது வட்டமே என்று ஒப்புக்கொண்ட அவர், அது விரும்பத்தக்க முறையன்று எனவும், பட்டைக்கு உள்ள நெகிழ்வு அதற்கு இல்லை எனவும் எழுதினார். 1923 இல் கார்ல் கார்ஸ்டன் இன்னும் கடுமையாக, ஆய்வுக்கு வட்டம் பயனற்றது என்றே முடிவு கட்டினார்.

ஆனால் இவை கருத்துகளே. எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1926 இல் வால்டர் ஈல்ஸ் என்ற அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் அதைச் செய்தார். வட்டங்களையும், கூறுகளாகப் பிரிக்கப்பட்ட ஒற்றைப் பட்டைகளையும் தம் மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு கூறும் எத்தனை விழுக்காடு என்று மதிப்பிடச் சொன்னார். மாணவர்கள் வட்டத்தைத் துல்லியமாகவே படித்தனர். பட்டையைப் படித்ததைவிட வேகத்தில் குறையவும் இல்லை. அறிஞர்கள் இகழ்ந்த வட்டம் வகுப்பறையில் வென்றது.

மறு ஆண்டே மறுப்பு வந்தது. குரோக்ஸ்டன், ஸ்டிரைக்கர் ஆகிய இருவர் மேலும் பலரைக் கொண்டு சோதித்தனர். பொதுவாகப் பட்டை மேலானது என்றும், 50-50, 25-75 எனப் பிரியும் இடங்களில் மட்டும் வட்டம் மேலானது என்றும் கண்டனர். காரணத்தை நாம் எளிதில் ஊகிக்கலாம். நேர்கோட்டையும் செங்கோணத்தையும் நம் கண் நன்கு அறியும். அரைவட்டத்தையும் கால்வட்டத்தையும் எவரும் அளக்காமலே சொல்வர். 37 விழுக்காட்டுக்கும் 41 விழுக்காட்டுக்கும் அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை.

கண் எப்படி அளக்கிறது

அடுத்த பெரிய திருப்பம் 1984 இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் ஆகியோர் கேள்வியையே மாற்றினர். ஒரு படத்தைப் படிக்கும்போது கண் செய்யும் அடிப்படை வேலைகள் எவை, அவற்றுள் எதைச் செம்மையாகச் செய்கிறது என்று அவர்கள் கேட்டனர். ஒரே அளவுகோலின் மீது உள்ள இடத்தைக் கண் மிகத் துல்லியமாக மதிப்பிடுகிறது. அதன்பின் நீளம், கோணம். அதற்கும் கீழே பரப்பு. பிறகு கன அளவு. கடைசியில் நிறத்தின் அடர்த்தி. ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளின் உச்சியை ஒப்பிடுவது முதல் வகை. வட்டத் துண்டுகளை ஒப்பிடுவது கோணம், பரப்பு ஆகியவற்றைச் சார்ந்தது. ஐந்து கூறுகள் கொண்ட படங்களை வைத்துச் சோதித்தபோது, பட்டையில் நேர்ந்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பிழை வட்டத்தில் நேர்ந்தது.

பரப்பை மதிப்பிடுவதில் நமக்குள்ள தளர்ச்சி உளவியலாளர்களும் அறிந்ததே. ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளரின் விதிப்படி, ஓர் உருவத்தின் பரப்பு இருமடங்காகும்போது அது சுமார் 1.6 மடங்கு ஆனதாகவே நமக்குத் தோன்றுகிறது. பெரியவற்றின் பெருமையைக் கண் குறைத்து மதிப்பிடுகிறது.

1983 இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்டு டஃப்டி, வட்டத்தைவிட ஓர் எளிய அட்டவணையே பெரும்பாலும் நல்லது என்று எழுதினார். ஒரு வட்டத்தைவிட மோசமானது பல வட்டங்களை அருகருகே வைப்பது என்பதும் அவர் கூற்றின் சாரம்.

நம் ஊர் எடுத்துக்காட்டு: ரூபாய் வட்டம்

இந்திய அரசின் வரவு செலவுத் திட்ட ஆவணத்தில் ஆண்டுதோறும் ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காட்டும் இரு வட்டங்கள் இடம்பெறும். மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் அவையே இருக்கும். ரூபாய் நாணயமே வட்டம் என்பதால் உவமை பொருத்தமாக அமைகிறது. ஒரு பைசாவுக்கு 3.6 பாகை.

2024-25 ஆம் ஆண்டுக்கு, 2024 ஜூலையில் அளிக்கப்பட்ட திட்டத்தின்படி வரவுப் பக்கத்தில் கடன் 27 பைசா, வருமான வரி 19, சரக்கு மற்றும் சேவை வரி 18, நிறுவன வரி 17, வரியல்லாத வருவாய் 9, கலால் வரி 5, சுங்க வரி 4, கடன் சாராத மூலதன வரவு 1. கூட்டினால் சரியாக 100. இலக்கணப்படி இது பிழையற்ற வட்டம்.

இதில் வருமான வரி, சரக்கு சேவை வரி, நிறுவன வரி ஆகிய மூன்றின் மையக்கோணங்கள் முறையே 68.4, 64.8, 61.2 பாகை. எண்களை மறைத்துவிட்டு வெறும் வட்டத்தை மட்டும் காட்டினால், இம்மூன்றில் பெரியது எது என்று பெரும்பாலோரால் சொல்ல இயலாது. பைசாக் கணக்கைத் துண்டின் மேல் எழுதியிருப்பதால்தான் நாம் படிக்கிறோம். அதாவது நாம் படிப்பது எண்களை. வட்டம் அவற்றைத் தாங்கும் தட்டு மட்டுமே. இதே எண்களைப் பட்டைகளாக இறங்கு வரிசையில் வரைந்தால், 19, 18, 17 என்ற படிக்கட்டு கண்ணுக்கே தெரியும்.

இந்த வட்டத்தின் இன்னொரு இயல்பு, ரூபாயின் அளவு எந்த ஆண்டும் மாறாது என்பது. மொத்த வரவு கூடியதா குறைந்ததா என்பதை வட்டம் சொல்லாது. இது அச்சுப்பிழையைப்போலக் கண்ணில் படும் குறை அன்று. ஆகவே இதனால் விளையும் கேடு பெரிது.

மொத்தத்தை மறைக்கும் வட்டம்

இக்கட்டுரையாளர் கணித ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ஒரு கூட்டத்தில் கண்டது இது. படிப்பை இடையில் நிறுத்திய மாணவர்கள் பற்றிய கூட்டம். நிறுத்தியதற்கான காரணங்களை இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு வட்டங்களாகச் சுவரில் ஒட்டியிருந்தனர். முதல் வட்டத்தில் 'பள்ளி தொலைவு' என்ற துண்டு பெரிது. இரண்டாம் வட்டத்தில் அது இளைத்திருந்தது. தொலைவுச் சிக்கல் தீர்ந்து வருகிறது என்று பேசி, அடுத்த பொருளுக்குச் சென்றனர். இரு வட்டங்களுக்கும் அடியில் மொத்த எண்ணிக்கை எழுதப்படவில்லை. அதை எவரும் கேட்கவும் இல்லை. அங்கே அமர்ந்திருந்த நானும் கேட்கவில்லை.

இதில் என்ன தவறு நேரலாம் என்பதைக் கற்பனை எண்களைக் கொண்டு பார்ப்போம். முதல் ஆண்டில் 24 பேர் நின்றனர். அவர்களில் 12 பேர் தொலைவு காரணமாக நின்றனர். அது பாதி வட்டம். அடுத்த ஆண்டில் 45 பேர் நின்றனர். அவர்களில் 15 பேர் தொலைவு காரணமாக நின்றனர். அது மூன்றில் ஒரு பங்கு வட்டம். துண்டு 180 பாகையிலிருந்து 120 பாகையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் தொலைவினால் பள்ளியை இழந்த பிள்ளைகள் 12 இலிருந்து 15 ஆகக் கூடியுள்ளனர். வட்டம் சொன்னது பங்கை; கூட்டத்தினர் கேட்டுக்கொண்டது எண்ணிக்கையை. பேருந்து வசதி கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கைதட்டல் கிடைத்துவிடும்.

ஆண்டுக்கணக்காக வகுப்பில் வட்ட விளக்கப்படம் கற்பித்தபோது, கவராயத்தால் வட்டம் சரியாக வரையப்பட்டதா, கோணமானி வைத்த இடம் சரியா, கோணங்களின் கூடுதல் 360 வருகிறதா என்று பார்த்தே மதிப்பெண் இட்டேன். இத்தரவுக்கு வட்டம் பொருந்துமா என்ற கேள்வியை ஒரு வினாத்தாளிலும் நான் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கும் மதிப்பெண் உண்டு என்பதை ஓய்வுபெற்ற பிறகே உணர்ந்தேன்.

கணினி வந்த பின்

1983 இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3, 1985 இல் வந்த எக்செல் ஆகிய கணக்குத்தாள் மென்பொருள்கள் வட்டம் வரைவதை ஒரு விசைத்தட்டலாக்கின. கோணத்தைக் கணக்கிட வேண்டிய தேவை போனது. அத்துடன், தரவு வட்டத்துக்கு உரியதா என்று சிந்திக்கும் நேரமும் போனது. எண்களை எப்படிக் கொடுத்தாலும் மென்பொருள் அவற்றைத் தானே கூட்டி 360 பாகைக்குள் அடக்கிவிடும்.

புதிதாக வந்த தீங்கு முப்பரிமாண வட்டம். வட்டத்தைப் பின்னோக்கிச் சாய்த்துத் தடிமனான வட்டுப்போலக் காட்டுவது இது. சாய்த்தால் வட்டம் நீள்வட்டமாகிறது. கோணங்கள் யாவும் மாறுகின்றன. உயரம் பாதியாகக் குறையும்படி சாய்த்ததாகக் கொள்வோம். முன்பக்கத்தின் நடுவில் உள்ள 25 விழுக்காட்டுத் துண்டின் கோணம் 90 பாகைக்கு மாறாக ஏறத்தாழ 127 பாகையாக விரிகிறது. பக்கவாட்டில் உள்ள அதே 25 விழுக்காட்டுத் துண்டு ஏறத்தாழ 53 பாகையாக ஒடுங்குகிறது. வட்டின் தடிமனும் முன்பக்கத் துண்டில்தான் தெரியும் என்பதால், அதன் நிறம் மேலும் மிகுதியாகக் கண்ணில் படும். சமமான இரு துண்டுகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தோன்ற இதுவே போதும்.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு மாநாட்டு மேடையில் காட்டிய படம். அமெரிக்கத் திறன்பேசிச் சந்தையின் பங்குகள் சாய்ந்த முப்பரிமாண வட்டமாகக் காட்டப்பட்டன. முன்பக்கத்தில் இருந்த ஆப்பிளின் பங்கு 19.5 விழுக்காடு. பின்பக்கம் இருந்த 'மற்றவை' 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஆப்பிளின் துண்டே பெரிதாகத் தெரிந்தது. எழுதப்பட்ட எண்கள் பொய்யல்ல. ஆயினும் படம் வேறு கதை சொன்னது.

நூற்றைத் தாண்டிய வட்டம்

2009 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, குடியரசுக் கட்சியினரிடையே மூன்று தலைவர்களுக்கு உள்ள ஆதரவை வட்டமாகக் காட்டியது. சாரா பேலின் 70 விழுக்காடு, மைக் ஹக்கபி 63 விழுக்காடு, மிட் ராம்னி 60 விழுக்காடு. கூட்டினால் 193. உலகெங்கும் இப்படம் நகைப்புக்குள்ளானது.

இங்கே கருத்துக்கணிப்பின் எண்களில் பிழை இல்லை. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தலைவர்களை ஆதரிக்கலாம் என்ற கேள்விக்கு நூற்றைத் தாண்டிய விடை வருவது இயல்பே. கூறுகள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டதுதான் பிழை. 'உனக்குப் பிடித்த விளையாட்டுகள் யாவை?' என்று வகுப்பில் கேட்டு, ஒரே மாணவர் கபடியையும் மட்டைப்பந்தையும் சொல்ல, இரண்டையும் சேர்த்து வட்டம் வரையும் மாணவர்களும் இதே பிழையையே செய்கின்றனர். இத்தகைய தரவுக்குப் பட்டை விளக்கப்படமே உரியது.

வேறு சில தரவுகளும் வட்டத்துக்குள் அடங்கா. இலாபமும் நட்டமும் கலந்த கணக்கில் குறை எண்கள் வரும். குறை எண்ணுக்குத் துண்டு வெட்ட இயலாது. மாவட்டங்களின் எழுத்தறிவு விழுக்காடு போன்ற தனித்தனி விகிதங்களைக் கூட்டினால் எந்த முழுமையும் கிடைக்காது. ஆண்டுதோறும் மாறும் அளவுகளுக்குக் கோட்டுப் படம் பொருந்தும்.

வட்டத்தின் தரப்பு

ஒரு பக்கத்தை மட்டும் கூறுவது நடுநிலை ஆகாது. 1987 இல் சிம்கின், ஹேஸ்டி ஆகியோர் ஒரு நுட்பத்தைக் கண்டனர். இரு கூறுகளை ஒன்றோடொன்று ஒப்பிடப் பட்டை சிறந்தது. ஒரு கூறு முழுமையில் எவ்வளவு என்று மதிப்பிடும்போது வட்டமும் பட்டைக்கு இணையாக நிற்கிறது. 1991 இல் ஸ்பென்ஸ், லெவாண்டோவ்ஸ்கி ஆகியோர் இன்னொன்றைக் கண்டனர். இரு கூறுகளைச் சேர்த்து வேறு இரு கூறுகளின் கூட்டோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் வட்டம் நன்றாகவே உதவுகிறது. அடுத்தடுத்த துண்டுகளைக் கண் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. தேர்தலில் இரு கட்சிகளின் கூட்டணி பாதியைத் தாண்டுமா என்று காண அரைவட்டக் கோடு ஒன்றே போதுமல்லவா?

நாம் துண்டின் கோணத்தைத்தான் படிக்கிறோம் என்ற நெடுநாள் நம்பிக்கையும் பின்னர் ஆட்டம் கண்டது. 2016 இல் ஸ்கௌ, கோசரா ஆகியோர் கோணம், வில், பரப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துச் சோதித்தனர். கோணத்தை மட்டும் கொண்டு மதிப்பிட்டவர்களே மிகுதியாகத் தவறினர். நடுப்பகுதி நீக்கப்பட்ட வளைய வடிவப் படம், முழு வட்டத்துக்குக் குறையாமல் பயன்பட்டது. ஆகவே இப்படம் பற்றிய ஆய்வு இன்னும் முடிந்துவிடவில்லை.

வரையும் முன் கேட்க வேண்டியவை

மாணவர்கள் தம் செயல்திட்டங்களில் வட்டம் வரையும் முன் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. கூறுகளைக் கூட்டினால் பொருளுள்ள ஒரு முழுமை கிடைக்கிறதா? நூறு வருகிறதா?
2. ஒரே ஆளோ பொருளோ இரண்டு கூறுகளில் எண்ணப்பட்டுள்ளதா?
3. கூறுகள் ஐந்துக்கு மேல் உள்ளனவா? இருந்தால் பட்டையே நன்று. சிறு துண்டுகளை 'மற்றவை' என்று ஒட்டுவதானால், அதில் என்னென்ன அடங்கும் என்று எழுத வேண்டும்.
4. இரு கூறுகளின் சிறு வேறுபாடுதான் செய்தியா? அப்படியானால் வட்டம் வேண்டாம்.
5. இரு வட்டங்களை ஒப்பிடுகிறோமா? ஒவ்வொன்றின் அடியிலும் மொத்த எண்ணிக்கை எழுதப்பட்டுள்ளதா?
6. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் துண்டுகளை இனம் காண முடியுமா? நிறக்குறிப்பைத் தனியே எழுதாமல் துண்டின் மேலேயே பெயரை எழுதுவது நல்லது.
7. முப்பரிமாணம், தனியே பிரித்து நீட்டிய துண்டு ஆகியவற்றைத் தவிர்த்தோமா?

முடிவுரை

பிளேஃபேர் மூன்று துண்டுகளோடு தொடங்கிய படம் இருநூறு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. அரையும் காலும் போல் எளிதில் தெரியும் பங்குகளையும், முழுமைக்கும் ஒரு கூறுக்கும் உள்ள உறவையும் காட்ட அது இன்றும் நல்ல கருவி. அதற்கு மேல் அதன் மீது சுமையேற்றும்போது அது தவறான செய்தியைத் தருகிறது. அச்செய்தியை நம்பி முடிவெடுப்பவர் ஓர் அதிகாரியாகவோ, வாக்காளராகவோ, பெற்றோராகவோ இருக்கலாம். எனவே அடுத்த முறை ஒரு வட்ட விளக்கப்படத்தைக் காணும்போது, துண்டுகளைப் பார்க்கும் முன் இந்த முழு வட்டம் எத்தனை பேர், எவ்வளவு தொகை என்று கேட்கும் பழக்கத்தை மாணவர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும். படத்தில் அதற்கு விடை இல்லையென்றால், வரைந்தவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.